பெர்னடெற் சிராக்கை நாங்கள் அறிந்த விதம்

பிரான்ஸ் ஜனாதிபதியின் மனைவி என்றதும் எங்கள் ஆட்கள் உடனே மக்ரோன் தம்பதியின் வயது வித்தியாசத்தையும் பிரிஜித்தின் உடுப்பையும் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. நான் எழுத வந்தது முன்னாள் ஜனாதிபதி ஜாக் சிராக்கின் மனைவி பெர்னடெற் சிராக் பற்றி. 2025 ஜூலையில் 92 வயதில் அவர் காலமானபோது, அவரால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்ததை எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

என் மகனுக்குச் சின்ன வயதில் இதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. நாங்கள் இருந்த ஊரிலிருந்து அந்த ஆஸ்பத்திரி நல்ல தூரம், கணவருக்கு உணவகத்தில் இரவு வேலை, எனக்குப் பிரெஞ்சு அரைகுறை, இந்த நிலையில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு ஒவ்வொரு இரவும் ரயிலேறி வீட்டுக்குப் போய் வருவதை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. ஒரு தாதிதான், பக்கத்திலேயே பெற்றோர் தங்கும் வீடு ஒன்று இருக்கிறது என்று சொல்லிக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். சின்ன அறை, பொதுவாக ஒரு குசினி, உடுப்புத் துவைக்க மெஷின், வாடகை என்று வாங்கியது எங்கள் வருமானத்துக்குத் தாங்கக்கூடிய தொகை. என்னைப் போலவே பிள்ளைக்காக வந்து தங்கியிருந்த தாய்மார் அங்கே இருந்தார்கள், மாலியிலிருந்து வந்த ஒருவர், பிரித்தானி பக்கத்து ஒருவர், இரவில் குசினியில் சேர்ந்து சமைத்தோம், ஆளுக்காள் மொழி தெரியாமலே கதைத்தோம். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், இந்த வீட்டுக்கு 'பியெஸ் ஜோன்' பணம் உதவியது என்று எழுதியிருந்தது.

பியெஸ் ஜோன் என்றால் மஞ்சள் காசு, பொக்கற்றில் மிஞ்சும் சில்லறை. பிரான்சில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்த மட்டைப் பெட்டி தெரிந்திருக்கும். ஜனவரி மாதம் தபாலகத்தில் எடுத்து வந்து, பிள்ளைகள் சில்லறையைப் போட்டு நிரப்பி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்தக் காசு ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் போகும். பெற்றோர் தங்க இடம், விளையாட்டு அறை, வலியைக் குறைக்கும் கருவிகள், இப்படியானவற்றுக்கு. இதை நடத்தும் அறக்கட்டளை 1989இல் பேராசிரியர் குளோட் கிறிசெல்லி தொடங்கியது. பெர்னடெற் 1994இல் தலைவராக வந்தார், அப்போது அவருடைய கணவர் இன்னும் பாரிஸ் மேயர்தான். 1995இல் கணவர் ஜனாதிபதியாகி எலிசே மாளிகைக்குப் போனார்கள், 2007இல் வெளியே வந்தார்கள், இவர் மட்டும் அந்த வேலையை 2019 வரைக்கும் விடவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பதவி போனதோடு விட்டுவிட்டு ஓய்வெடுத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

அவரை நேரில் கண்டது ஒரு ரயில் நிலையத்தில். மஞ்சள் காசுக்காக அந்த நாட்களில் ஒரு டிஜிவி அதிவேக ரயிலையே அலங்கரித்து ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள், கூடவே ஜூடோ ஒலிம்பிக் சாம்பியன் டேவிட் டூயேயும் வருவார். மகன் அப்போது நன்றாகத் தேறியிருந்தான். உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் எல்லாரும் டூயேயைப் பார்க்கத்தான் முண்டியடித்தார்கள், மலை மாதிரி ஆள். பெர்னடெற் அம்மா அளவில் சின்னவர், நிமிர்ந்த நடை, பெரிதாகச் சிரிக்கவும் இல்லை. வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் பெட்டியை வாங்கினார், சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பிள்ளையின் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்று குனிந்து கதைத்தார், அப்புறம் கூட்டம் நகர்ந்துவிட்டது. எங்களோடு அவர் எதுவும் கதைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெற்றோர் வீட்டில் தங்கிய ஒரு தாய்க்கு அது போதும்.

அவருடைய மூத்த மகள் லோரன்ஸ் பற்றி எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. 1973இல், பதினைந்து வயதில் மூளைக்காய்ச்சல், அதற்குப் பிறகு சாப்பிட மறுக்கும் அனொரெக்சி நோய், வாழ்நாள் முழுக்க அதிலிருந்து மீளவே இல்லை. 2016இல் இறந்தார். ஒரு தாய் நாற்பது வருடத்துக்கு மேல் இதைச் சுமந்துகொண்டு வெளியே ஜனாதிபதியின் மனைவியாக நின்றிருக்கிறார். பாரிஸ் கொஷன் ஆஸ்பத்திரியில் இளவயதினருக்கென்று 2004இல் மேசோன் து சொலென் என்ற சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டதில் அவருடைய அறக்கட்டளைக்குப் பெரிய பங்கு உண்டு. தன் மகளுக்கு அந்த வயதில் கிடைக்காத இடத்தை மற்றவர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டினார் என்றே நான் அதைப் பார்க்கிறேன். முன்பு ஜனாதிபதியாக இருந்த ஜெனரல் து கோலின் மனைவி இவோனும் இதே மாதிரிதான், டவுன் சின்ட்ரோமோடு பிறந்த ஆன் என்ற மகளை வீட்டிலேயே வைத்து வளர்த்து, அவளைப் போன்ற பிள்ளைகளுக்காக 1945இல் ஒரு அறக்கட்டளை அமைத்தவர். ஆன் இருபது வயதில் போய்விட்டாள், அந்த அறக்கட்டளை இன்றைக்கும் இருக்கிறது.

என்னோடு வேலை செய்த ஒரு பிரெஞ்சுக்காரி கொறேஸ் பகுதியைச் சேர்ந்தவர். அவருக்கு பெர்னடெற் என்றால் முதலில் ஜனாதிபதியின் மனைவி அல்ல, தங்கள் ஊர் உறுப்பினர். 1979இல் அந்த மாவட்ட சபைக்குத் தெரிவாகி 2015 வரைக்கும் அங்கேயே இருந்தார். ஜனாதிபதியின் மனைவியாக இருந்துகொண்டே தேர்தலில் தானாக நின்று வென்ற பதவியும் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பிற்காலத்தில் ஜனாதிபதியான பிரான்சுவா ஒல்லாந்த் அந்தச் சபைக்கு 2008இலிருந்து தலைமை வகித்தபோது, இவர் எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் அப்பா வாழ்நாள் முழுக்க இடதுசாரிக்கு வாக்குப் போட்டவராம், ஆனால் கிராமத்துக் கூட்டம் எதற்கும் அந்த அம்மா வராமல் விட்டதில்லை என்று மரியாதையோடு சொல்வாராம்.

ஜனாதிபதியின் மனைவி என்ற இடத்துக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2017இல் மக்ரோன் தன் மனைவிக்கு முறையான அந்தஸ்து கொடுக்கப் பார்த்தபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் அந்த ஆகஸ்டில் ஒரு சாசனம்தான் வெளிவந்தது, சம்பளம் இல்லை, தனி நிதியும் இல்லை என்று தெளிவாக எழுதி. சரிதான், மக்கள் தெரிவு செய்யாத ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லி நானும் கேட்க மாட்டேன்.

பிரிஜித்தையும் விட்டுவிட முடியாது. 2019இல் மஞ்சள் காசைப் பொறுப்பெடுத்தவர் அவர்தான். அதற்கான 2023 நிகழ்ச்சியில் கொரியப் பாடகிகள் குழுவான பிளாக்பிங்க் பாடியபோது என் மகள் தொலைக்காட்சியை விட்டு அசையவில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது பாரிஸ் புறநகரான கிளிஷி-சூ-புவாவில் 25 வயதுக்கு மேற்பட்ட, படிப்புச் சான்றிதழ் இல்லாத ஆட்களுக்காகத் தொடங்கிய பள்ளி. இவர் ஏற்கெனவே பிரெஞ்சும் லத்தீனும் படிப்பித்த ஆசிரியர், அங்கேயும் இலக்கியப் பாடம் எடுத்தார். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி அங்கே படித்தவள். பாடம் நடக்கும்போது எதிரில் நிற்பது ஜனாதிபதியின் மனைவி என்பதே மறந்துபோகும், பிழையாகச் சொன்னாலும் முழுதாகச் சொல்லி முடிக்க விடுவார் என்றாள். இப்போது அவள் ஒரு முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலையில் இருக்கிறாள்.

உங்களில் யாராவது பிள்ளையோடு அந்த மாதிரிப் பெற்றோர் வீடுகளில் தங்கியிருந்தால் எந்த ஊர், எப்படி இடம் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். புதிதாக வந்த குடும்பங்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆஸ்பத்திரியில் சமூகசேவை உத்தியோகத்தரிடம் கேட்டால் விபரம் சொல்வார்கள்.