திருவந்திபுரத்தில் முகூர்த்தம்: நேரக்கணக்கு சரிபார்க்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கடலூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகிறோம். முகூர்த்தம் காலை 6 – 7.30, திருவந்திபுரம் மலைமேல். வரவேற்பு 11 மணிக்கு மஞ்சக்குப்பம் மண்டபத்தில். மணப்பெண் அலங்காரத்தை அதிகாலை 4.15க்குப் படம் எடுக்கலாமென இருக்கிறோம்.

சிக்கல் தாலி கட்டும் நேரம்தான். பக்கத்திலேயே வேறு ஜோடிகளும் இருப்பார்கள். கெட்டிமேளம் கேட்டதும் நம் சொந்தங்களே செல்போனைத் தூக்கி மறைத்துவிடுவார்கள். அதனால் ஒருவர் முன்னால் மண்டியிட்டு 35 எம்எம் லென்ஸில், இன்னொருவர் பக்கவாட்டில் 85 எம்எம் லென்ஸில் எடுப்பதாகத் திட்டம். ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிடக் குறைந்தால் அட்சதை படத்தில் கோடாக இழுக்கும். நாத்தனார் முடிச்சுக்கு யார் பின்பக்கம் போவது?

குடும்பப் படம் 20 குழு, தலா 2 நிமிடம். பந்திக்குப் போனவர்களைத் திரும்பக் கூட்டுவது கஷ்டம், முன்னாலேயே முடிக்கலாமா?

ஜோடிப் படம் கடலூர் சில்வர் பீச்சில் மாலை 4.45. வெயில் ஊர்ப்பக்கமிருந்து வருவதால் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் தெளியும். அங்கே எடுத்தவர்கள் நேரம் சரியா சொல்லுங்கள்.