கோரம்: குறைவெண் போதுமா? ‘பெரும்பாதி’ என்று ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

நான் நடத்தும் ப்ராக்ஸ்மாக்ஸ் (பல சர்வர்களை இணைத்து நிர்வகிக்கும் மென்பொருள்), செஃப் (தரவைப் பல சர்வர்களில் பரப்பிச் சேமிக்கும் மென்பொருள்) வகுப்பின் நான்காம் பாடக்குறிப்பில், வேலை தொடரக் கூடியிருக்க வேண்டிய எண்ணிக்கையை (quorum) ‘கோரம்’ என்று எழுதியிருந்ததை நீங்கள் கண்டித்தது சரிதான். யாங்கோனிலிருந்து படிக்கும் தங்கை ஒருவர் “கொத்தணி கோரம் இழந்தது” என்ற வரியில் நின்றுவிட்டார் (கொத்தணி என்பது ஒன்றாக இயங்கும் சர்வர்களின் கூட்டம்). கோரம் போவது நல்லதுதானே என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கோர விபத்து, கோர முகம் என்று நம் காதில் முன்பே குடியிருக்கும் சொல் அது. எடுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

> தமிழ்நாட்டில் கிராம சபைக்கே குறைவெண் வரம்பு என்றுதான் எழுதுகிறார்கள். இருக்கும் சொல்லை விட்டுப் புதுச்சொல் எதற்கு?

குறைவெண் நல்ல சொல். இலங்கைப் பாராளுமன்றத்தில் வழங்கும் ‘கூட்டநடப்பெண்’ அதைவிட நல்ல சொல். கூட்டம் நடக்கத் தேவையான எண் என்று தன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது. ஆனால் இரண்டும் மனிதர் கூடும் கூட்டத்துக்கு உரியவை. சர்வர்கள் கூடும் கூட்டத்துக்கு அவற்றைப் போட்டால் பாடம் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்வார். நானே அப்படிப் புரிந்துகொண்டு பட்டவன் என்பதால் சொல்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு சர்வர்களை வைத்துக் கொத்தணி அமைத்திருந்தோம். ஒன்று கீழே, ஒன்று மாடியில். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சேமிப்புப் பெட்டி. ஒரு வெள்ளிக்கிழமை, இங்கே மொரீசியஸில் புயலுக்குக் கிளாஸ் மூன்று எச்சரிக்கை வந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். இரவு பத்து மணிக்கு வீட்டிலிருந்து மாடி சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். கீழ் சர்வரின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. கணக்குப் பிரிவின் மெய்நிகர் கணினி (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை மாடியில் இயக்கப் பார்த்தேன். முடியவில்லை. நிலை என்ன என்று கேட்டதற்கு, தேவையான வாக்கு 2 (ஒரு சர்வருக்கு ஒரு வாக்கு) என்றும் பக்கத்திலேயே ‘ஆக்டிவிட்டி பிளாக்ட்’, அதாவது செயல் தடுக்கப்பட்டது, என்றும் காட்டியது.

அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது எங்கள் கோயில் சங்கத்தின் பொதுக்கூட்டம். வர வேண்டிய எண்ணிக்கை சேராவிட்டால் ஒத்திவைப்பார்கள். மறுமுறை வந்தவர்களை வைத்து நடத்திவிடுவார்கள். அதே எண்ணத்தில், எதிர்பார்க்கும் வாக்கு ஒன்றே என்று கட்டளை கொடுத்தேன். சர்வர் ஒப்புக்கொண்டது. அந்த மெய்நிகர் கணினியின் அமைப்புக் கோப்பை மாடிக்கு நகர்த்தி இயக்கினேன். கணினி எழுந்தது. நிம்மதியாகப் படுத்தேன்.

கீழ் சர்வர் சாகவே இல்லை. கொத்தணிப் பேச்சுக்கென்று தனியாக வைத்திருந்த ஸ்விட்ச்சுக்கு மட்டும் மின்சாரம் போயிருந்தது. கீழ் சர்வரின் முகவரியை ஒரு தடவை தட்டிப் (பிங் செய்து) பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். சேமிப்புப் பெட்டிக்குப் போகும் கம்பி வேறு. அது நன்றாகவே இருந்தது. ஒரே வட்டில் கீழிருந்தும் மேலிருந்தும் இரண்டு கணினிகள் விடிய விடிய எழுதியிருக்கின்றன. திங்கட்கிழமை தரவுத்தளம் திறக்கவில்லை. வியாழன் இரவுக் காப்புப்படியிலிருந்து மீட்டோம். வெள்ளிக்கிழமை காலை பதிந்த பற்றுச்சீட்டுகளையெல்லாம் கணக்குப் பிரிவில் மூன்று பெண்கள் மறுபடி உட்கார்ந்து தட்டினார்கள். அவர்கள் மேசையில் இருந்த காகிதக் கட்டின் உயரம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘குறைந்தது இத்தனை பேர்’ என்ற விதியை ஊர் இரண்டாகப் பிரிந்தால் இரண்டு பக்கமுமே நிறைவேற்றிவிடலாம். ஆறு கணு (கொத்தணியில் சேர்ந்த ஒவ்வொரு சர்வரும் ஒரு கணு) உள்ள கொத்தணிக்குக் குறைவெண் இரண்டு என்று வைத்தால், கம்பி அறுந்ததும் மூன்று மூன்றாகப் பிரிந்து, இரு தரப்பும் ‘நாங்கள்தான் கொத்தணி’ என்று வேலையைத் தொடங்கிவிடும். பாதிக்கு மேல் வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். ஒரு முழுமையில் பாதிக்கு மேல் ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் இருக்கவே முடியாது. ப்ராக்ஸ்மாக்ஸுக்குள் வாக்குகளை எண்ணும் கோரோசிங்க் என்ற நிரல் கணக்கிடுவது இதைத்தான்: மொத்தத்தில் பாதி (அரை வந்தால் அதை விட்டுவிட்டு), அதோடு ஒன்று. மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு மூன்று, ஐந்துக்கு மூன்று. மொத்தம் என்பது பதிவில் உள்ள எல்லாக் கணுக்களும். அணைந்து கிடப்பதும் கணக்கில் உண்டு. இரண்டே கணு இருந்தால் ஒன்று போனதும் மற்றது நின்றுவிடுகிறது. அதனால்தான் வெளியே ஒரு சிறு பொறியை வைத்து மூன்றாவது வாக்கைத் தருகிறோம். அதற்குச் ‘சாட்சிக்கணு’ என்று எழுதியிருந்தேன். யாரும் மறுக்கவில்லை, அதனால் இருக்கட்டும்.

(கணு என்ற சொல்லை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கரும்பை நடும்போது மண்ணுக்குள் வைப்பதே கணுவோடு வெட்டிய துண்டைத்தானே. ரியூனியனிலிருந்து வரும் மாணவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது; கரும்புத் துண்டின் படத்தைக் காட்டினேன், அன்றிலிருந்து அவர் வாயில் கணுதான்.)

ஆகவே என் முன்மொழிவு: பெரும்பாதி.

> பெரும்பான்மை இருக்கிறதே?

அதை முதலில் எண்ணியவன் நான்தான். ஆனால் பெரும்பான்மை என்றால் வந்திருப்பவர்கள் வாக்களித்து ஒரு பக்கம் சாய்ந்ததாகத் தோன்றும். இங்கே எந்த முடிவுக்கும் முன்னால் கேட்கப்படுவது, முடிவெடுக்கும் தகுதி இந்தப் பக்கத்துக்கு உண்டா என்பது. தவிர, மொரீசியஸில் பெரும்பான்மை, சிறுபான்மை என்றாலே மனம் சமூகங்களை எண்ணத் தொடங்கிவிடும். சர்வர் அறைக்கு அது வேண்டாம்.

> பாதி என்றால் சமம். பெரும்பாதி என்பது தன்னையே மறுக்கும் சொல் இல்லையா?

கணக்கில் அப்படித்தான், ஐயா. பேச்சில் அப்படி இல்லை. ஒரு ரொட்டியைப் பிய்த்து இரண்டு பிள்ளைகளிடம் நீட்டுங்கள். “எனக்குப் பெரிய பாதி” என்ற குரல் வராத வீடு உண்டா? அந்தக் குரலில் இருக்கும் தெளிவுதான் எனக்கு வேண்டும்: பெரிய பாதி ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

குறைவெண்ணை நான் தள்ளிவிடவும் இல்லை. செஃப் பாடத்தில் அதற்குச் சரியான நாற்காலி காத்திருக்கிறது. ஒரு சேமிப்புத் தொகுதியில் தரவுக்கு மூன்று படிகள் (நகல்கள்) வைக்கிறோம்; குறைந்தது இரண்டு படிகளாவது கைக்கெட்டினால்தான் எழுதவிடு என்று கூடவே ஓர் எண்ணும் கொடுக்கிறோம். அந்த எண் உண்மையிலேயே குறைவெண். படிகள் நான்கு, குறைவெண் இரண்டு என்றும் வைக்கலாம். அங்கே பாதியைத் தாண்டும் கட்டாயம் இல்லை, ஏனென்றால் எந்தக் கணு உயிரோடிருக்கிறது, யார் முதல் பொறுப்பு என்ற வரைபடத்தை மானிட்டர்கள் (திரை அல்ல, செஃப்பின் கண்காணிப்பு நிரல்கள்) முன்பே முடிவு செய்துவிடுகின்றன. அந்த மானிட்டர்களுக்குத்தான் பெரும்பாதி வேண்டும். மூன்று வை, ஐந்து வை, ஒற்றைப்படையாக வை என்று சொல்வதன் காரணமும் அதுவே. இந்த இரண்டு இடத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். தனித்தனிச் சொல் இருந்தால் பாடம் பாதி முடிந்த மாதிரி.

போன சனிக்கிழமை, சோதனை என்று சொல்லாமலே, இந்தச் சொல்லை வகுப்பில் புழங்கிப் பார்த்தேன். வகுப்பு எங்களுக்கு மாலை 6 மணி. டர்பனில் 4, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் 7.30, யாங்கோனில் 8.30. ஒவ்வொருவரின் மடிக்கணினியிலும் மூன்று குட்டிக் கணுக்கள். இரண்டாம் கணுவின் வலையைத் துண்டிக்கச் சொன்னேன், எதுவும் நிற்கவில்லை. மூன்றாவதையும் துண்டித்ததும் டர்பன் தம்பி, நான் வாய் திறக்குமுன், “அண்ணா, பெரும்பாதி போச்சு, இனி எழுதவிடாது” என்றார். அமைப்புக் கோப்புகள் படிக்க மட்டும் என்று மாறியிருந்ததை அவரே திறந்தும் காட்டினார்.

சொல் வினைகளோடும் ஒட்டுகிறது: பெரும்பாதி கூடியது, பெரும்பாதி இழந்தது, பெரும்பாதியற்ற பக்கம். ப்ராக்ஸ்மாக்ஸ் காட்டும் பிழைச்செய்தியை ஐந்தாம் பாடத்தில் இப்படி எழுதப் போகிறேன்: “கொத்தணி தயாராக இல்லை, பெரும்பாதி கூடவில்லை.”

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள். வெள்ளி இரவு பாடக்குறிப்பைச் சேர்த்து முடிக்க வேண்டும். அன்றைய இரவு எனக்கு நடந்ததற்கு, ஒரே கொத்தணிக்கு இரண்டு தலை முளைப்பதற்கு, இன்னும் பெயர் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தின் split-brain என்பதற்கு ‘மூளைப்பிளவு’ என்று வந்த யோசனை எனக்கு ஒப்பவில்லை, மருத்துவர்களின் சொல்லாகத் தோன்றுகிறது. ‘இருதலைமை’ எப்படி என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்