கிளாம்ப் எடுத்த பிறகு வரும் நிமிடங்கள்: கல்லீரல் ஆபரேஷன் அனுபவங்கள்

மயக்க மருந்து டாக்டர்:

பதினொரு வருடமாக மயக்க மருந்து கொடுக்கிறேன். கல்லீரல் கேஸ் என்றால் இன்றும் முந்தின நாள் இரவே ஸ்கேனை எடுத்துப் பார்ப்பேன். கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். கொழுப்பேறிய கல்லீரல் ரத்தம் இல்லாமல் அதிக நேரம் தாங்காது.

நான் சொல்ல வந்த நோயாளி 58 வயது அம்மா. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, கீமோ முடித்து வந்திருந்தார். சர்க்கரையும் உண்டு, கல்லீரலில் கொழுப்பும் உண்டு.

கல்லீரலை அறுக்கும்போது ரத்தம் கொட்டாமலிருக்க, குடலிலிருந்து அதற்குள் ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையையும் கல்லீரல் தமனியையும் சேர்த்து ஒரு நாடாவால் சுற்றி இறுக்குவார்கள். இதைத்தான் கிளாம்ப் போடுவது என்கிறோம். கிளாஸ்கோ சர்ஜன் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள், விபத்தில் கல்லீரல் கிழிந்து வந்தவர்களுக்குச் செய்து பார்த்து 1908-ல் எழுதிய முறை. இன்றும் ‘பிரிங்கிள் போடுறேன்’ என்றுதான் சொல்வார்கள். 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் விட்டு, மறுபடி இறுக்குவது பல இடங்களில் உள்ள வழக்கம்.

இரண்டாவது சுற்றில் 15 ஆனதும் சொன்னேன். ‘ரெண்டே நிமிஷம், இந்தக் கிளையை மட்டும் கட்டிடறேன்’ என்றார் சர்ஜன். அந்த ரெண்டு நிமிஷம் ஒன்பது நிமிடமானது. நடுவில் ஒரு தடவை மெதுவாகச் சொன்னேன். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறுதான்.

நாடாவைத் தளர்த்தியதும் மேல் பி.பி. 105-லிருந்து 70-க்கு விழுந்தது. வழக்கமாக, சாம்பல் ஊதாவாகக் கிடக்கும் கல்லீரல் கண்ணெதிரே செம்பழுப்புக்குத் திரும்பும். அன்று திட்டுத் திட்டாகத்தான் திரும்பியது. மறுநாள், கல்லீரல் செல் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை அளவு 1,400-ஐத் தாண்டியது. ஐ.சி.யூ.வில் அந்த அம்மாவின் மகன் ‘ஆபரேஷன் நல்லாத்தானே முடிஞ்சுது டாக்டர்?’ என்று கேட்டார். மூன்றாம் நாள் எண்கள் இறங்கத் தொடங்கும்வரை எனக்குத் தூக்கமில்லை.

பட்டினி கிடந்தவனுக்குத் திடீரென விருந்து வைத்தது மாதிரிதான் இது. ரத்தம் நின்றிருந்த நேரத்தில் வாடிப்போன செல்களுக்கு ஆக்சிஜன் ஒரேயடியாகத் திரும்பும்போது தீங்கான ரசாயனங்கள் கிளம்புகின்றன. கல்லீரலிலேயே இருக்கும் கப்ஃபர் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் கொதித்தெழ, வெள்ளையணுக்கள் வந்து ஒட்ட, நுண்குழாய்கள் வீங்கி அடைபடுகின்றன. ரத்தம் திரும்பிய பிறகும் சேதம் தொடர்வது இதனால்தான்.

அன்றிலிருந்து 10, 13, 15 நிமிடம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறேன். இறுக்குவதற்கு முன் செவோஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவை ஓடவிடுகிறேன். சூரிச் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இறுக்குவதற்கு முந்தைய 30 நிமிடம் அதைக் கொடுத்தவர்களுக்குச் சேதம் குறைந்திருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வும் அதே பலனைக் காட்டவில்லை. ஆனாலும் எப்படியும் ஒரு மயக்க மருந்து கொடுக்கத்தானே வேண்டும், அது இதுவாக இருக்கட்டும் என்பது என் முடிவு.

கஷ்டமான இடம் வேறு. ரத்தப்போக்கைக் குறைக்க, இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையின் அழுத்தமான சி.வி.பி.யை 5-க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள், அதனால் குளுக்கோஸ், சலைன் எதையும் தாராளமாக ஏற்ற முடியாது. அதற்காக பி.பி.யை விழவிட்டால் மிஞ்சப்போகும் கல்லீரலே பட்டினி கிடக்கும். பி.பி.யை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்து பம்ப்பை அரை அரையாக ஏற்றி, சராசரி அழுத்தத்தை 65-க்கு மேல் பிடித்து வைப்பேன்.

ஓ.டி. சிஸ்டர்:

சார் சொன்ன நேரக் கணக்கு எங்கள் பக்கமும் உண்டு. எங்கள் சுவர்க் கடிகாரம் மானிட்டரை விட நாலு நிமிடம் பின்னால் ஓடியது. கிளாம்ப் போட்ட நேரத்தை ஒருத்தர் மானிட்டரைப் பார்த்துச் சொல்ல, எடுக்க வேண்டிய நேரத்தை நான் சுவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். பேட்டரி மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். இப்போது போர்டில் ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று இரண்டு கட்டம் போட்டு, ஒரே ஸ்டாப்வாட்சைப் பார்த்து எழுதுகிறோம்.

அப்பாவுக்காக:

என் அப்பாவுக்கு மாற்றுக் கல்லீரல் வைத்தார்கள். மூளைச்சாவு அடைந்த ஒருவருடைய கல்லீரல் ஐஸ் பெட்டியில் வந்தது. முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் எங்களை உட்கார வைத்து, ‘புதுக் கல்லீரலுக்குள் ரத்தத்தைத் திறந்துவிடும் முதல் ஐந்து நிமிடம்தான் எனக்கு முக்கியம். குளிர்ந்த ரத்தமும் பொட்டாசியமும் நேராக இதயத்துக்குப் போகும்’ என்றார். கால்சியம், அட்ரினலின் எல்லாம் ஊசியில் ஏற்றிக் கையருகே வைத்திருப்பேன் என்றும் சொன்னார். ஐஸில் வைக்காமல் கொண்டுவர வழியே இல்லையா டாக்டர்?

மயக்க மருந்து டாக்டர்:

இருக்கிறது அம்மா. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான ஒரு இயந்திரம் கல்லீரலை உடல் சூட்டிலேயே வைத்து, உள்ளே ரத்தம் ஓடவிடும். 2013-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் முதன்முதலாக அப்படி வந்த கல்லீரலைப் பொருத்தினார்கள். அது பித்தம் சுரப்பதை வெளியில் வைத்தே பார்க்கலாம். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

அப்பாவுக்காக:

மாடிப்படி ஏறுகிறார் டாக்டர். மாத்திரை நேரம் தவறினால் என்னைத்தான் திட்டுகிறார்.