முதலாமாண்டுக் கட்டுரையில் 'உங்கள் வாதம் எங்கே?' என்கிறார்கள்

டர்பன் மாணவி:
தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இந்தியத் தொழிலாளர்கள் நடத்திய 1913 வேலைநிறுத்தம் பற்றிக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். 1860இல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மெட்ராசிலிருந்து வந்து சேர்ந்தது முதல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். "தகவல் இருக்கிறது, உங்கள் வாதம் எங்கே?" என்று விரிவுரையாளர் ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார். வாதம் என்று எதை எழுதுவது? சொல்லித் தாருங்கள் அண்ணா, அக்கா.

சாட்ஸ்வொர்த் அக்கா:
தங்கச்சி, "1913இல் வேலைநிறுத்தம் நடந்தது" என்பதை யார் மறுப்பார்கள்? அது தகவல். "காந்தியின் அழைப்பைவிட 3 பவுண்டு வரிதான் தொழிலாளர்களை அதிகம் கொதிக்க வைத்தது" என்று எழுதிப் பாரும்மா. இதை ஒருவர் மறுக்கலாம், நீ நிறுவியாக வேண்டும். அதுதான் வாதம். ஒப்பந்தத் தொழிலாளியின் கூலி முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங்; ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கியவர் கட்ட வேண்டிய வரியோ ஆண்டுக்கு 3 பவுண்டு, அதாவது 60 ஷில்லிங். அரை வருடக் கூலி! இந்தக் கணக்கை முதல் பத்தியிலேயே வை. கப்பலைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்.

பீனிக்ஸ் அண்ணன்:
அக்கா சொன்னது சரி. மேற்கோளைப் போட்டதும் அடுத்த பத்திக்கு ஓடிவிடாதேம்மா. அது உன் வாதத்துக்கு எப்படி உதவுகிறது என்று உன் சொல்லில் இரண்டு வரி எழுது. மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

டர்பன் மாணவி:
சரி அக்கா, சுரங்கத் தொழிலாளர்களிடமிருந்து தொடங்கலாமா? வேலைநிறுத்தம் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில்தானே ஆரம்பித்தது?

சாட்ஸ்வொர்த் அக்கா:
தாராளமாக. ஆனால் வரிக் கணக்கு அதே பத்தியில் வரட்டும்.