499 ஜாயிண்ட்

குழு: நம்ம வீடு

[இரவு 8:14] தேன்மொழி: சித்தப்பா, இருக்கிறீர்களா? குழாய் விஷயமாக ஒரு சந்தேகம். தனியாகக் கேட்கலாம் என்று நினைத்தேன், கார்த்தியும் பார்த்தால் நல்லது என்று இங்கேயே போடுகிறேன்.

[8:16] தேன்மொழி: நீரேற்று நிலையத்திலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை 6 கிலோமீட்டர். குடிநீர். 300 மிமீ எஃகுக் குழாய், மண்ணுக்குள் போகிறது. மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. எதை எடுக்கலாம் என்று நாளைக்கு 11 மணிக்குள் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் முறையாக என் கையெழுத்தில் போகிறது.

[8:21] முருகேசன் சித்தப்பா: இருக்கிறேன்மா. மூன்றையும் சொல்லு.

[8:25] தேன்மொழி: முதலாவது, வெளியே ஒரே அடுக்கு எபாக்ஸி பவுடர் கோட்டிங், 350 மைக்ரான். உள்ளேயும் எபாக்ஸி.
இரண்டாவது, வெளியே த்ரீ லேயர் பாலிஎத்திலீன், உள்ளே சிமெண்ட் லைனிங். பத்து வாரம் ஆகும் என்கிறார்கள்.
மூன்றாவது ஒரு டீலர். சரக்கு கையிலேயே இருக்கிறது. வெளியே டேப் சுற்றியது, உள்ளே எபாக்ஸி. ஒரு வாரத்தில் சைட்டுக்கு வந்துவிடும். விலையும் அதுதான் குறைவு.

[8:27] கார்த்தி: கையில் சரக்கு இருந்தால் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதே தேனு. நான் பர்ச்சேஸில் இருப்பவன். பத்து வாரம் என்று சொன்னது பதினாறு வாரம் ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

[8:30] முருகேசன் சித்தப்பா: விலைக்கும் நாளுக்கும் அப்புறம் வருவோம் கார்த்தி. தேனு, மண் ரிப்போர்ட் இருக்கிறதா? தண்ணீர் ரிப்போர்ட்?

[8:34] தேன்மொழி: இரண்டும் இருக்கிறது. மண்ணின் மின்தடை பெரும்பாலான தூரத்துக்கு 3,800 முதல் 5,000 ஓம் சென்டிமீட்டர். நடுவில் தாழ்வான களிமண் பகுதி, ஒன்றரை கிலோமீட்டர், அங்கே மட்டும் 640. தண்ணீரின் பிஹெச் 7.6, நடுத்தரக் கடினத்தன்மை. ஒரு பாலத்தில் 40 மீட்டர் வெட்டவெளியில் போகிறது.

[8:36] முருகேசன் சித்தப்பா: நல்லது. இதை வைத்துக்கொண்டு பேசலாம். மண்ணின் மின்தடை குறையக் குறைய இரும்பை அரிக்கும் வேகம் கூடும். 1,000க்குக் கீழே இருந்தால் கடுமையான மண். 640 என்றால் அந்த ஒன்றரை கிலோமீட்டரில் கோட்டிங்கில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் போதும், அரிப்பு முழுக்க அந்த ஒரு புள்ளியில் குவிந்துவிடும்.

[8:37] முருகேசன் சித்தப்பா: குழாய்க்குக் குழாய் எப்படி இணைக்கிறீர்கள்?

[8:37] தேன்மொழி: வெல்டிங்தான் சித்தப்பா. 12 மீட்டர் குழாய், மொத்தம் 500.

[8:38] முருகேசன் சித்தப்பா: அப்படியென்றால் 499 ஜாயிண்ட். உன் முடிவு அங்கேதான் இருக்கிறது.

[8:39] கார்த்தி: கோட்டிங் பற்றித்தானே மாமா கேட்டாள்?

[8:46] முருகேசன் சித்தப்பா: அதைத்தான் சொல்கிறேன். தொழிற்சாலையில் போடுகிற கோட்டிங் குழாயின் கடைசி முனை வரை வராது. வெல்டிங் செய்வதற்காக இரண்டு முனையிலும் 100 முதல் 150 மிமீ வரை வெறும் இரும்பாக விட்டிருப்பார்கள். அந்த இடத்தை சைட்டில்தான் மூட வேண்டும், தூசியிலும் ஈரத்திலும் உட்கார்ந்துகொண்டு. வெளிப்பக்கத்தையாவது கையால் தொட்டுச் செய்யலாம். உள்பக்கம்? 300 மிமீ குழாய்க்குள் யார் போவது? ஆள் நுழைந்து வேலை செய்யக் குறைந்தது 600 மிமீயாவது வேண்டும். உள்ளே எபாக்ஸி போட்ட குழாயை வெளியிலிருந்து வெல்டிங் செய்தால் அந்தச் சூட்டில் உள்ளே ஒரு வளையம் கருகிப் போகும். கருகியதை நீ பார்க்கவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது. 499 இடத்தில் குடிநீர் வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டு ஓடும்.

[8:47] தேன்மொழி: ஐயோ. மூன்று கொட்டேஷனிலும் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

[8:48] முருகேசன் சித்தப்பா: இருக்காது. அவர்கள் விற்பது குழாய். ஜாயிண்ட் உன் பொறுப்பு.

[8:52] வசந்தா அத்தை: தம்பி, நடுவில் கேட்கிறேன் என்று நினைக்காதே. எபாக்ஸி என்றால் பசை மாதிரிதானே? குடிக்கிற தண்ணீர் அதன் மேல் ஓடலாமா?

[8:58] முருகேசன் சித்தப்பா: கேட்க வேண்டிய கேள்வி அக்கா. பசை மாதிரிப் பிசின்தான், இறுகினால் கெட்டியான பூச்சாகிவிடும். ஓடலாம், ஆனால் குடிநீருக்கென்று சோதித்த எபாக்ஸியாக இருக்க வேண்டும். என்எஸ்எஃப் 61 என்று ஒரு தரநிலை இருக்கிறது. பூச்சிலிருந்து தண்ணீருக்குள் என்னென்ன கரைந்து வருகிறது என்று பார்த்துச் சான்று தருவார்கள். அந்தச் சான்றில் எந்த விட்டத்துக்கு மேல் பயன்படுத்தலாம், எத்தனை நாள் காய வேண்டும் என்பதும் எழுதியிருக்கும். சின்னக் குழாயில் தண்ணீரின் அளவோடு பார்த்தால் பூச்சின் பரப்பு அதிகம், அதனால்தான் விட்டத்தைப் பார்க்கிறார்கள். சரியாகக் காயாமல் தண்ணீர் விட்டால் வாடை வரும். சிமெண்ட் லைனிங்குக்கும் அதே சான்றைக் கேட்க வேண்டும்.

[8:59] வசந்தா அத்தை: சரி. தேனு, அதை மறக்காமல் கேட்டு வாங்கு.

[9:03] தேன்மொழி: கேட்கிறேன் அத்தை. சித்தப்பா, சிமெண்ட் லைனிங்கிலும் முனையில் அதே பிரச்சினைதானே?

[9:11] முருகேசன் சித்தப்பா: பிரச்சினை இருக்கிறது, ஆனால் வழியும் இருக்கிறது. முனையில் சிமெண்ட் கலவையைத் தடவிப் பொருத்திவிட்டு, உள்ளே விட்டிருக்கிற ரப்பர் பந்தைக் கயிற்றால் இழுத்தால் பிதுங்கிய கலவை மட்டமாகிவிடும். வெல்டிங் சூட்டையும் சிமெண்ட் ஓரளவு தாங்கும். அதைவிட முக்கியம், சிமெண்ட் வேலை செய்கிற விதமே வேறு. எபாக்ஸி ஒரு திரை, கிழிந்தால் போச்சு. சிமெண்டிலோ அதன் சுண்ணாம்பினால் இரும்பை ஒட்டிய ஈரத்தின் பிஹெச் 12க்கு மேல் நிற்கும். அந்தக் காரத்தில் இரும்பு துருப்பிடிக்காது. முடி அளவு விரிசல் இருந்தாலும் தண்ணீரில் ஊறியதும் தானே அடைத்துக்கொள்ளும்.

[9:13] முருகேசன் சித்தப்பா: மழைத்தண்ணீர் போல உப்பே இல்லாத மெல்லிய தண்ணீராக இருந்தால் சுண்ணாம்பைக் கரைத்துவிடும், அங்கே யோசிக்க வேண்டும். உன் தண்ணீருக்கு அந்தக் கவலை இல்லை. எபாக்ஸிதான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், வெல்டிங்கை விட்டுவிட்டு ரப்பர் வளைய ஜாயிண்ட் உள்ள குழாயாகக் கேள்.

[9:16] கார்த்தி: லைனிங் உள்ளே வந்தால் குழாய் குறுகிவிடாதா மாமா? பம்ப் கணக்கு மாறுமே.

[9:20] தேன்மொழி: அதைப் பார்த்துவிட்டேன் கார்த்தி. 300 என்பது பெயர்தான், வெளிவிட்டம் 323.9. சுவர் 6.3, லைனிங் 8. இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளே 295 மிமீ கிடைக்கிறது. பம்ப் கணக்கை 290க்குத்தான் போட்டிருக்கிறோம்.

[9:21] முருகேசன் சித்தப்பா: 👏 இப்படித்தான்.

[9:22] கார்த்தி: சரி, உள்ளே சிமெண்ட். வெளியே எதற்கு த்ரீ லேயர்? எபாக்ஸி பவுடரும் நல்ல கோட்டிங்தானே?

[9:29] முருகேசன் சித்தப்பா: நல்ல கோட்டிங்தான், எபாக்ஸி இரும்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் 350 மைக்ரான் என்றால் அரை மில்லிமீட்டர் கூட இல்லை. தூக்கும்போது ஒரு சங்கிலி உரசினால், பள்ளத்தில் ஒரு கல் குத்தினால் இரும்பு தெரிந்துவிடும். த்ரீ லேயரில் அடியில் அதே எபாக்ஸி, நடுவில் ஒட்டுப்பசை, மேலே பாலிஎத்திலீன். இந்த அளவுக் குழாய்க்கு மொத்தம் 2 மிமீக்கு மேல் வரும். அந்த ஒன்றரை கிலோமீட்டர் களிமண்ணுக்கு எனக்கு மனசு த்ரீ லேயரில்தான் நிற்கிறது. பாலத்தின் மேல் போகிற 40 மீட்டருக்கு வெறும் எபாக்ஸி ஆகவே ஆகாது, வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்புப் பொடி போல உதிரும்.

[9:31] கார்த்தி: அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு மட்டும் த்ரீ லேயர், மீதிக்கு எபாக்ஸி என்று பிரித்து வாங்கினால்?

[9:33] முருகேசன் சித்தப்பா: காகிதத்தில் அழகாக இருக்கும். சைட்டில் இரண்டு வகைக் குழாய், இரண்டு வகை ஜாயிண்ட் பொருள், இரண்டு வகை ரிப்பேர். மாற்றி இறக்கிவிடுவார்கள். 6 கிலோமீட்டருக்கு அந்தச் சிக்கல் வேண்டாம்.

[9:41] முருகேசன் சித்தப்பா: ஒன்று சொல்கிறேன், இரண்டு பேரும் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லைனுக்கு கோட்டிங் சோதனை நான்தான் பார்த்தேன். த்ரீ லேயர். கோட்டிங் போடுகிற யார்டில் ஒவ்வொரு குழாயையும் என் கண்ணால் பார்த்துத்தான் அனுப்பினேன். மூன்று வருஷத்தில் கசிவு. தோண்டினோம், ஜாயிண்ட். அடுத்த கசிவு, அதுவும் ஜாயிண்ட். மேலே போட்டிருந்த ஸ்லீவ், அதாவது ஜாயிண்ட்டை மூடுகிற உறை, பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஓரத்தில் நகத்தை விட்டேன். பழத்தோல் போல முழுசாக உரிந்து வந்தது. அடியில் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் கறுப்பாகக் குழிவிழுந்த இரும்பு. பனி விழுகிற காலை நேரத்தில் இரும்பைச் சூடு காட்டாமல், ஈரத்தின் மேலேயே ஸ்லீவைச் சுற்றியிருக்கிறார்கள். யார்டோடு என் வேலை முடிந்தது என்று நான் சைட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டேன். அது இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது.

[9:43] வசந்தா அத்தை: இதை நீ சொன்னதே இல்லையே தம்பி.

[9:44] முருகேசன் சித்தப்பா: சொல்ல நேரம் வரவில்லை அக்கா.

[9:47] தேன்மொழி: ஸ்லீவ் போடும்போது நான் என்ன பார்க்க வேண்டும் சித்தப்பா?

[9:53] முருகேசன் சித்தப்பா: இரும்பின் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார். காற்றின் பனிநிலை வெப்பத்தைவிட (ஈரம் பனியாகப் படியத் தொடங்குகிற வெப்பம்) குறைந்தது 3 டிகிரி அதிகம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். வெல்டிங் கசடையும் துருவையும் மணல் வீச்சில் எடுத்திருக்க வேண்டும், கம்பி பிரஷ் போதாது. ஸ்லீவ் தயாரித்தவர் சொன்ன அளவுக்கு முன்சூடு காட்ட வேண்டும். தொழிற்சாலைக் கோட்டிங்கின் மேல் இரண்டு பக்கமும் 50 மிமீயாவது ஏறி உட்கார வேண்டும். முதல் நாள் போட்ட ஸ்லீவில் ஒன்றை மறுநாள் நீயே அறுத்து உரித்துப் பார். ஒரு ஸ்லீவ் வீணாவதைப் பற்றிக் கவலைப்படாதே.

[9:58] கார்த்தி: மாமா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் டீலரிடம் இருக்கிற சரக்கை ஒரு முறை பார்த்துவிட்டாவது வேண்டாம் என்று சொல்லலாமே.

[10:02] தேன்மொழி: இன்று மதியம் போய்ப் பார்த்தேன். படம் போடுகிறேன். அவர் கொடுத்த மில் சர்டிஃபிகேட்டையும் (ஆலை தருகிற சோதனைச் சான்று) சித்தப்பாவுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

[10:02] தேன்மொழி: 📷 படம்
[10:03] தேன்மொழி: 📷 படம்

[10:09] முருகேசன் சித்தப்பா: இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழாய்க்குள் பெயிண்டில் எழுதியிருக்கிற ஹீட் நம்பர் (உலையில் ஒரே தடவையாக உருக்கிய இரும்புக்குக் கொடுக்கிற எண்) 7 என்று முடிகிறது. அவர் கொடுத்த மில் சர்டிஃபிகேட்டில் ஆறு ஹீட் நம்பர் இருக்கிறது, இது அதில் இல்லை. அந்தக் காகிதம் வேறு ஏதோ குழாயுடையது.

[10:10] கார்த்தி: ஆமாம். இது எனக்கே பிடிக்கவில்லை.

[10:12] கார்த்தி: தேனு, விட்டுவிடு. எந்த உருக்கில் வார்த்த இரும்பு என்றே தெரியாததை மண்ணுக்குள் வைக்க முடியாது.

[10:15] முருகேசன் சித்தப்பா: முதல் படத்தில் டேப்பின் ஓரமும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு காலம் வெயிலில் கிடந்ததோ. இரண்டாவது ஆளிடம் இஎன் 10204, 3.1 சான்று என்று பெயர் சொல்லிக் கேள். உனக்கு வருகிற குழாயிலேயே சோதனை செய்து, ஹீட் நம்பரோடு தருகிற சான்று அது.

[10:18] கார்த்தி: எடை பார்த்து வாங்கு தேனு. இது என் பக்கத்து விஷயம். வெளிவிட்டத்தில் சுவர்த் தடிமனைக் கழித்து, தடிமனால் பெருக்கி, 0.02466ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் எடை கிலோவில் வரும். 6.3 மிமீ என்றால் 49.3 கிலோ. அதே குழாய் 5.7 மிமீ சுவரோடு வந்தால் 44.7. உன் 6 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 28 டன் வித்தியாசம். கணக்கு எடைக்கு பில் போட்டு, குறைந்த தடிமனில் அனுப்பினால் அந்த 28 டன் இரும்புக்கும் நீ காசு கொடுப்பாய். லைனிங் போடுவதற்கு முன்பே எடை மேடையில் ஏற்றச் சொல், அப்புறம் சிமெண்ட் எடையும் சேர்ந்துவிடும்.

[10:19] முருகேசன் சித்தப்பா: நல்ல பாயிண்ட் கார்த்தி. நான் விட்டிருப்பேன்.

[10:24] தேன்மொழி: யார்டுக்கு நானே போகலாம் என்று இருக்கிறேன் சித்தப்பா. எந்த நேரத்தில் போனால் பலன்?

[10:32] முருகேசன் சித்தப்பா: கோட்டிங் முடிந்த பிறகு போனால் எல்லாக் குழாயும் கறுப்பாகப் பளபளவென்றுதான் இருக்கும். ஷாட் பிளாஸ்டிங்கிலிருந்து (இரும்புக் குண்டுகளை வீசித் துருவை எடுக்கிற இடம்) குழாய் வெளியே வருகிற இடத்தில் நில். இரும்பு வெள்ளி போல, நுணுக்கமான சொரசொரப்போடு வர வேண்டும். அந்தச் சுத்த அளவை எஸ்ஏ இரண்டரை என்று சொல்வார்கள், அதற்கு ஒப்பிட்டுப் பார்க்கிற படப் புத்தகம் அங்கேயே இருக்கும். சொரசொரப்பு 50 முதல் 100 மைக்ரான். உப்பு சோதனையும் கேள், சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. உப்பை அடியில் வைத்து மூடினால் எவ்வளவு உயர்ந்த கோட்டிங்கும் கொப்புளமாகக் கிளம்பும்.

[10:35] முருகேசன் சித்தப்பா: கடைசியில் ஹாலிடே டெஸ்ட், கோட்டிங்கில் ஓட்டை தேடுகிற சோதனை. குழாயின் மேல் ஒரு சுருள் கம்பி உருண்டுகொண்டே போகும், கோட்டிங்கின் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 10 கிலோவோல்ட், அதிகபட்சம் 25. ஓட்டை இருக்கிற இடத்தில் 'சட்' என்று நீலப் பொறி. கருவி சரியாக இருக்கிறதா என்று தெரிய, அவர்களையே ஒரு இடத்தில் ஊசியால் குத்தச் சொல்லி அதைக் கண்டுபிடிக்கிறதா பார். அப்புறம் அந்த ஓட்டையை அடைக்கச் சொல்.

[10:41] தேன்மொழி: எழுதிக்கொண்டேன். இரண்டாவது கொட்டேஷனை மறுபடி படித்துப் பார்த்தேன் சித்தப்பா, அதில் நேர்க்குழாய் மட்டும்தான் இருக்கிறது. 22 பெண்ட் (வளைவு), 4 டீ (கிளை இணைப்பு) எதுவும் இல்லை.

[10:44] முருகேசன் சித்தப்பா: அவற்றையும் அங்கேயே கோட்டிங், லைனிங் போட்டுத் தரச் சொல். பெண்ட் தனியாக வந்தால் சைட்டில் பிரஷ்ஷால் பூசிவிடுவார்கள். ஸ்லீவும் ரிப்பேர் பேட்ச்சும் குழாயோடு சேர்ந்தே வரட்டும், நூற்றுக்குப் பத்து கூடுதலாக. குழாயைத் தூக்குகிற அகலப் பட்டை, பெல்ட் ஸ்லிங், அதையும் எழுது. லைனிங்கோடு ஒரு குழாய் 800 கிலோவைத் தாண்டும், சங்கிலி போட்டுத் தூக்கினால் இத்தனை பேச்சும் வீண்.

[10:46] முருகேசன் சித்தப்பா: அந்தக் களிமண் பகுதிக்கு கத்தோடிக் பாதுகாப்பும் (குழாய்க்குச் சிறு மின்னோட்டம் கொடுத்து அரிப்பைத் தடுக்கிற முறை) வேண்டும் என்று குறிப்பில் போடு. அதற்காக பம்ப் ஹவுஸ் முனையில் மின்காப்பு ஜாயிண்ட் ஒன்று வரும். இப்போது விட்டால் பின்னால் தோண்ட வேண்டியிருக்கும்.

மறுநாள்

[காலை 10:37] தேன்மொழி: அனுப்பிவிட்டேன். இரண்டாவது கொட்டேஷன், 499 ஜாயிண்ட்டுக்கும் தனி வேலைமுறைக் குறிப்போடு. பத்து வாரம் ஏன் என்று ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது.

[மாலை 5:52] தேன்மொழி: ஒப்புக்கொண்டார்கள் சித்தப்பா! பெண்ட்டையும் சேர்த்துத் தருகிறார்களாம். முதல் குழாய் பிளாஸ்டிங் போகிற நாளை ஒரு வாரம் முன்னால் சொல்வார்கள்.

[5:53] வசந்தா அத்தை: 🙏 நல்லபடியாக நடக்கட்டும் கண்ணு.

[5:58] முருகேசன் சித்தப்பா: நாள் தெரிந்ததும் சொல்லுமா. நானும் வருகிறேன். முதல் ஸ்லீவ் போடுகிற அன்றைக்கு சைட்டுக்கும் வருகிறேன்.