கயாக்குக்கு நானே செதுக்கிய ஃபோம் இருக்கை

என்னுடையது பழைய ஃபைபர் கயாக், உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான சின்னப் படகு. இருக்கை உடைந்த நிலையில்தான் கைக்கு வந்தது. முட்டுக்காட்டில் ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டால் வலது கால் மரத்துவிடும்.

முதலில் சோபா ஸ்பான்ஜை வெட்டிப் போட்டேன். சிரிக்காதீர்கள். அரை மணியில் உப்புத் தண்ணீரைக் குடித்து ஈரச் சாக்கு மாதிரி ஆகிவிட்டது. பிறகுதான் தண்ணீர் ஏறாத ஈ.வி.ஏ. ஃபோம், செருப்புக்குப் போடுவார்களே அதுவே, 3 அங்குலக் கட்டியாக வாங்கி பிரெட் கத்தியால் அறுத்தேன்.

அடிப்பக்கம்தான் உயிரை எடுத்தது. கயாக்கின் தரை இரண்டு பக்கமும் ஒரே வளைவு என்று நம்பி அட்டையில் ஒரே அச்சு வெட்டினேன். வைத்தால் கிடுகிடுவென ஆடுகிறது. எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்கும் தெரியவில்லை. பல் டாக்டர் நீலத்தாளைக் கடிக்கச் சொல்வாரே, அது ஞாபகம் வந்தது. கயாக்கின் உள்ளே நீலச் சாக்பீஸைத் தேய்த்து, ஃபோமை வைத்து, மேலே உட்கார்ந்து எழுந்தேன். மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தது. அதை மட்டும் அரத்தால் ராவினேன். மறுபடி சாக்பீஸ், மறுபடி அரம். ஏழெட்டுத் தடவை. ராவிய ஃபோம் தூள், காபி டம்ளர் வரைக்கும் போய்விட்டது, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் 60 நம்பர் உப்புத்தாள். அடி முழுக்க நீலம் படிந்த அன்று ஆட்டம் நின்றது. தண்ணீர் தேங்காமல் ஓட, நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்காலும் கீறினேன்.

மேலே, உட்காரும் எலும்புகளுக்கு இரண்டு குழி. தொடையைத் தாங்க முன்விளிம்பு கொஞ்சம் உயரம். குழிக்கு அடியில் 2 அங்குல ஃபோம் விட்டிருந்தபோது உட்காரும் உயரம் கூடி கயாக் தள்ளாடியது. 1 அங்குலமாகக் குறைத்ததும் அடங்கிற்று. கால் இப்போது மரப்பதில்லை. இன்னும் பசை போட்டு ஒட்டவில்லை. ஒட்டியவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அண்ணே, ரப்பர் பசை என்றால் ஃபோம், கயாக் இரண்டிலும் பூசி, தொட்டால் கையில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு வையுங்கள். வைத்த இடம் வைத்ததுதான், நகர்த்த முடியாது. ஃபைபரில் நன்றாகப் பிடிக்கும். என்னுடையது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் கயாக், ஒரே மாதத்தில் உரிந்து வந்துவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் ஃபோம் ஆப்பு செருகி இறுக்கியிருக்கிறேன். அசையவில்லை.

பதில்: தம்பி, அப்படியானால் எனக்கும் ஆப்புதான். வீட்டுக்காரம்மாவும் இதே கயாக்கை எடுப்பார். அவருக்குத் தனியாக ஒன்று செதுக்க வேண்டும், இந்த முறை மொட்டைமாடியில்.