டங்ஸ்டன் டைசல்ஃபைடு பிஎல் (ஒளியால் தூண்டி வரும் ஒளிர்வு) மங்குகிறது: ஆற்றல் கைமாறியதா, மின்னூட்டம் ஓடியதா?

வாளையார்க்காரன்
சிலிக்கான் ஆக்சைடு சில்லின்மேல் மாலிப்டினம் டைசெலினைடு, அதற்கு மேலே டங்ஸ்டன் டைசல்ஃபைடு. இரண்டும் ஒற்றை அடுக்கு. லேசர் 532 நானோமீட்டர். ரெண்டும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் இடத்தில் 615 நானோமீட்டரில் வரும் டங்ஸ்டன் அடுக்கின் பிஎல் பத்தில் ஒரு பங்காகிறது. ஆனால் 790-இல் வரும் மாலிப்டினம் அடுக்கின் பிஎல் கூடவில்லை. ஆற்றல் பரிமாற்றம் என்று எழுதலாமா? மழை தொடங்கியதிலிருந்து சாம்பிளுக்குச் சாம்பிள் முடிவும் மாறுகிறது.

கொழிஞ்சாம்பாறை
இப்போதைக்கு எழுதாதீங்க. வழங்கி (ஆற்றலைத் தருவதாக நினைக்கும் டங்ஸ்டன் அடுக்கு) மங்குவது ஒன்றுக்கும் சாட்சியில்லை. எலக்ட்ரானோ துளையோ (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) மட்டும் அடுத்த அடுக்குக்குத் தாவினாலும் இதே மங்கல்தான். அந்தத் தாவல் பல ஜோடிகளில் 100 ஃபெம்டோ நொடிக்குள் முடிந்துவிடும். 532-ஐ ரெண்டு அடுக்கும் உறிஞ்சும் என்பதால் உங்கள் அளவீட்டால் பிரித்துச் சொல்லவும் முடியாது.

நடுவில் ஹெச்பிஎன் (அறுகோண போரான் நைட்ரைடு, மின்கடத்தாப் பொருள்) வையுங்க, 5 அடுக்கு, ஏறக்குறைய 1.7 நானோமீட்டர். மின்னூட்டம் அதைத் துளைத்துப் போவது பெரும்பாலும் நின்றுவிடும், ஆற்றலைக் கைமாற்றும் இருமுனைப் பிணைப்பு நிற்காது. பிறகு பிஎல்இ (தூண்டும் அலைநீளத்தை மாற்றி மாற்றி ஒளிர்வை அளப்பது): கண்டறிவதை 790-இல் நிறுத்தி, தூண்டலை 580 முதல் 650 வரை 2 நானோமீட்டர் படியாக நகர்த்துங்க, ஒவ்வொரு புள்ளியிலும் திறனால் வகுத்துக்கொள்ளுங்க. பரிமாற்றம் இல்லையென்றால் 615-இல் பள்ளம்தான் வரும், ஏனெனில் மேலடுக்கு ஒளியைத் தின்று கீழே நிழல் விழுத்துகிறது. அங்கே மேடு வந்தால் நம்பலாம். ஒப்பீட்டுக்கு அதே துண்டில், ஹெச்பிஎன் மூடி டங்ஸ்டன் இல்லாத பகுதியை எடுங்க. வேறு சில்லை எடுத்தால் ஆக்சைடுத் தடிமன் மாறும், குறுக்கீடும் மாறும், கணக்கு குழம்பும்.

குப்பம் ஒளியியல்
மழைக்கால விஷயம் அடுக்குக்கு இடையில் சிக்கும் தண்ணீரும் கரிமக் கசடும். பாலக்காட்டுக் கணவாயில் மார்கழிக் காற்று அடிக்கும்போது வராத குமிழி ஆடியில் வரும். ஒட்டுவதற்குச் சற்று முன் அடிச் சில்லை 120 டிகிரியில் 10 நிமிடம் வையுங்க. அடுக்கைத் தாங்கும் பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) முத்திரையை 60 டிகிரியில் மெதுவாக இறக்குங்க. வேகமாக அழுத்தினால் ஓரம் முதலில் மூடி நடுவில் காற்று அடைபடும். பிறகு வெற்றிடத்தில் 200 டிகிரி, 2-3 மணி நேரம். குமிழி ஓரிடத்தில் திரளும், அதற்கு வெளியே ஒட்டுதல் நன்றாகிவிடும். குமிழிமேல் வழங்கி பளிச்சென்றே இருக்கும், எனவே ஒற்றைப் புள்ளி அளவீட்டை நம்பாமல் பிஎல் வரைபடமே எடுங்க.

வாளையார்க்காரன்
நன்றிங்க. டிசிஎஸ்பிசி-யில் (ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக நேரம் குறித்து எண்ணும் முறை) ஒளிர்வின் ஆயுளை அளந்து காட்டினால் போதாதா? அப்புறம் ரெண்டு கண்ணாடி நடுவே வைத்து வலுப்பிணைப்பும் (ஒளியும் அடுக்கும் கலந்து புது நிலைகளாவது) பார்க்க ஆசை.

கொழிஞ்சாம்பாறை
சிலிக்கான் கண்டறிவியின் மறுமொழியே சுமார் 50 பிகோ நொடி. பரிமாற்றம் அதைவிட வேகமென்றால் கருவியைத்தான் அளப்பீங்க. லேசர் திறனையும் சில மைக்ரோவாட்டுக்குள் வையுங்க; கூடினால் எக்ஸிட்டான்கள் (எலக்ட்ரான்-துளை ஜோடிகள்) ஒன்றையொன்று அழித்து, வழங்கி அதனாலேயே மங்கும். திறனை இரட்டித்தால் பிஎல் இரட்டிக்கிறதா என்று முதலில் பாருங்க.

கண்ணாடி விஷயத்தில், பிஎல்-இல் ரெண்டு உச்சி தெரிந்ததும் வலுப்பிணைப்பு என்று துள்ள வேண்டாம். டங்ஸ்டனில் ட்ரையான் (கூடுதலாக ஒரு மின்னூட்டம் சேர்ந்த எக்ஸிட்டான்) சுமார் 30-40 மில்லி எலக்ட்ரான் வோல்ட் கீழேயே நிற்கும், அதுவும் ரெண்டாவது உச்சிதான். கோணம் மாற்றி எதிரொளிப்பு எடுத்து, ரெண்டு கிளையும் வெட்டிக்கொள்ளாமல் விலகுவதைக் காட்டணும்; அந்தப் பிளவு எக்ஸிட்டான், குழிவு (கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி நிற்கும் இடம்) ரெண்டின் கோட்டு அகலச் சராசரியைத் தாண்டணும்.